கடைசிப் பெட்டிக்கு எட்டாத பிளாட்பாரம்

ஈச்சங்கேணி ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எட்டுப் பெட்டிக்கு மேல் நிற்காது என்பதும், ரயில்வே கேட்டை ஒட்டிய வீட்டில் இருக்கிற வடிவு எதைப் பார்த்து வயிறெரிந்தாலும் அது வளரும் என்பதும் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிகள்தான். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிசெய்துகொள்ளலாம் என்கிற யோசனை மட்டும் வெகுகாலம் யாருக்கும் வராமல் இருந்தது, வந்தபோது அது சைக்கிள் கடை கோமதிநாயகத்துக்கு வந்தது, அவர் ரயில் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தது வடிவின் கெட்ட நேரம்.

மற்ற ஊர்களில் பொறாமைக்காரி கண் பட்டால் கொடி வாடும், பால் திரியும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். சுடலைவடிவு என்கிற வடிவின் கண் அப்படிப்பட்டதல்ல. அவள் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன் ஆண்டபெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வடைக்கூடையோடு ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக நடக்க ஆரம்பித்து நாலைந்து வருஷம் கழித்து, கொழுந்தன் சொரிமுத்து தூத்துக்குடிப் பக்கமிருந்து பிரம்மசக்தியைக் கட்டிக் கூட்டி வந்தான். இடுப்பு வரை தொங்கிய ஓரகத்தியின் சடையை வடிவு கல்யாணப் பந்தலிலேயே பார்த்தாள், பார்த்த இடத்திலேயே நெஞ்சு காந்தியது, மறுநாள் காலையில் பிரம்மசக்தியின் சடை குதிகாலைத் தொட்டுக் கிடந்தது. அதற்குப் பிறகு ஓரகத்தி வீட்டுப் பூசணிக்கொடி கூரையேறிப் பக்கத்துத் தெருவுக்கு இறங்கியது. ஓரகத்தி வீட்டு வெள்ளாடு ஒரே ஈற்றில் நாலு குட்டி போட்டது. ஓரகத்தி ஒரு நாள் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தாள், வாரம் முடிவதற்குள் அந்தக் கல் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டதால் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று.

ஊர் முதலில் பயந்தது, அப்புறம் கணக்குப் போட்டது, அப்புறம் வரிசையில் நின்றது. வீட்டு முகப்பில் தொங்கவிட்டிருந்த திருஷ்டிப் பூசணியை எல்லோரும் அவிழ்த்து எறிந்தார்கள். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வடிவின் வாசலுக்கு வந்து, "பாத்தியாக்கா, ராசா கணக்கா இருக்கான், ஒனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கலியே" என்று மனசறிந்து குத்திப் பேசினார்கள், பிள்ளைகள் பத்தே நாளில் புஷ்டியாகிவிட்டன. நெல் பால் பிடிக்கிற சமயத்தில் அவளை வரப்பில் கூட்டிப்போய் நிறுத்தி, நிலத்துக்காரன் தன் அதிர்ஷ்டத்தைப் பற்றி உரக்கப் பீற்றிக்கொள்வான். அவள் எரிய வேண்டும், அவர்களுக்கு விளைய வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அவளுடைய வடை மட்டும் ஒரு நாளும் உப்பவில்லை, ஏனென்றால் தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்பட எந்த மனுஷிக்கும் வராது. வேறு யாராவது அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கலாம், ஆனால் அவளிடம் அப்படி என்ன இருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. இது வடிவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் எரியாமல் இருக்க முடியவில்லை, எரிவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இந்த நிலையில்தான் சென்னைக்குப் போகிற சாயங்கால எக்ஸ்பிரஸ் கிளை லைன் வழியாக வரப்போகிறது என்று செய்தி வந்தது. பதினான்கு பெட்டி வண்டி. வண்டி முழுசாக எந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அடங்குகிறதோ அங்கே நிற்கும், அடங்காத இடத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டு போய்விடும். அது மட்டுமல்ல, எக்ஸ்பிரஸ் நிற்காத ஊரில் இப்போது வருகிற பாசஞ்சரையும் இனி எதற்கு நிறுத்துவது என்று மேலிடத்தில் பேச்சு இருக்கிறதாம். ஈச்சங்கேணி பிளாட்பாரத்துக்கோ நீள வழியில்லை. ஒரு முனையில் ரயில்வே கேட், ரோட்டை மறித்துக் கட்ட முடியாது. மறுமுனையில் ஓடை, அதன் மேல் தண்டவாளத்துக்கு மட்டும் ஒரு ஒடுங்கிய பாலம். லூப் லைன் பக்கம் பிளாட்பாரமே கிடையாது, அங்கே நிற்கிற வண்டியில் இருந்து ஜல்லியில்தான் குதிக்க வேண்டும். கட்டித்தரச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்துக் கோமதிநாயகத்துக்கு மயிர் நரைத்ததுதான் மிச்சம். அப்படி ஒரு நாள் சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, டியூப் உப்புவதைப் பார்த்துக்கொண்டே அவர் வடிவை நினைத்தார்.

"பிளாட்பாரத்தப் பாத்து என்னத்த அண்ணாச்சி பொறாமைப்பட? கல்லும் மண்ணும்லா கெடக்கு" என்றாள் வடிவு.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சங்கம் கூடிப் பேசியது. கல்லையும் மண்ணையும் யாராவது ஒருத்திக்குச் சொந்தமாக்கினால்தான் காரியம் நடக்கும் என்று முடிவாயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் நல்ல மனுஷன், வேதக்காரர், ஒருவர் மனதைப் புண்படுத்துவது பாவம் என்று முதலில் தயங்கினார், எக்ஸ்பிரஸ் வராவிட்டால் ஸ்டேஷனையே மூடிவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னதும் பாவத்தை ஊரோடு பங்கிட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஓடை முனையில், வேப்பமர நிழல் விழுகிற இடத்தில், கடை போட்டுக்கொள்ள வடிவு வருஷக்கணக்காக அவரிடம் கெஞ்சியிருக்கிறாள், விதி இடம் கொடுக்காது என்று அவரும் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை, பெரிய குடை ஒன்றும் போட்டு, பனங்கிழங்கு விற்றுக்கொள்ளச் சொல்லிப் பிரம்மசக்திக்குக் கொடுத்தார்கள்.

வடிவு கூடையோடு நின்று பார்த்தாள். அவளுக்குக் கண் இருட்டியது. "எனக்கு இல்லாத விதி இவளுக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு?" என்று தண்டவாளம் அதிரக் கத்தினாள், தேவசகாயம் கொடியைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார், பிளாட்பாரம் அன்றைக்கே ஒரு முழம் வளர்ந்தது.

வளர்ந்ததில் ஒரு கோளாறு இருந்தது. வடிவு தண்ணீர்க் குழாயடியில் நின்று குறுக்கே பார்த்திருந்தாள், அதனால் பிளாட்பாரம் நீளாமல் அகன்று தண்டவாளத்தை நெருங்கிவிட்டது, மாலை பாசஞ்சரின் படிக்கட்டு ஓரக்கல்லை உரசிப் பொறி பறந்தது. ஆண்டபெருமாள்தான் கடப்பாறையும் உளியுமாக விடிய விடிய உட்கார்ந்து, பெண்டாட்டியின் பொறாமையைச் செதுக்கி எடுத்தான். மறுநாள் தேவசகாயம் கேட்டருகே சுண்ணாம்பில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். வடிவு இனி அந்தக் கட்டத்துக்குள் நின்று, நேராக ஓடை முனையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட வேண்டும், இடமோ வலமோ கண்ணைத் திருப்பக் கூடாது, வண்டி வருகிற நேரத்தில் பார்க்கவே கூடாது. அவளும் அப்படியே செய்தாள். காலையில் வடை விற்று முடித்துக் கட்டத்துக்குள் போய் நிற்பாள், நெடுக ஓடுகிற ஓரக்கல் வரிசை போய் முடிகிற இடத்தில், குடை நிழலில், ஓரகத்தி காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். போகிற வருகிறவர்கள் வடிவைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள், வேலை நடக்கிற இடத்தில் குறுக்கே போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள்.

பிளாட்பாரம் நீண்டது. ஓடைக்கரைக்கு வந்ததும் ஒரு நாள் யோசித்தது, அப்புறம் தண்ணீருக்கு வழி விட்டு அடியில் வளைந்து அக்கரையில் இறங்கியது. உடைமரங்கள் ஒதுங்கி இடம் கொடுத்தன. ஊர்ப் பெண்கள் புதிதாக வளர்ந்த பகுதிக்கு அன்றன்றைக்கே சாணி தெளித்தார்கள், சங்கம் சிமெண்டு பெஞ்சு போட்டது, எந்தத் தெருக்காரர் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று ஒரு சண்டை நடந்து ஓய்ந்தது. மேலிடத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து நாடாவைப் பிடித்து அளந்தார். பிளாட்பாரம் வளர்ந்தது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, தண்டவாளத்துக்கும் ஓரக்கல்லுக்கும் உள்ள இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, வளர்ந்த பகுதியில் மஞ்சள் கோடு ஏன் இல்லை என்று மட்டும் கோபித்துக்கொண்டார். பங்குனிக் கடைசியில் வண்டியை ஒரு நாள் நிறுத்திப் பார்ப்போம், பதினான்கும் அடங்கினால் உண்டு, ஒரு பெட்டி வெளியே நின்றாலும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் எந்தக் குடையையும் எத்தனை நாள் பார்த்து எரிய முடியும்? பத்தாவது பெட்டியோடு வேகம் குறைந்தது. அப்போதுதான் சொரிமுத்துவிடம் இருந்து பார்சல் வர ஆரம்பித்தது. அவன் துபாய்க்குப் போய் மூன்று வருஷமாகிறது. வாரம் ஒரு அட்டைப்பெட்டி, பாசஞ்சரில் இறங்கும். தேவசகாயம் தாமே அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் நெடுக நடந்து போய்ப் பிரம்மசக்தியிடம் கொடுப்பார். அவள் எல்லோரும் பார்க்கப் பிரித்து, சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம், பூப்போட்ட கம்பளி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கோமதிநாயகம் கட்டத்தருகே வந்து, காற்றில் பேசுகிறவர் போல, "அடுத்த மாசம் லீவுல வாரானாம். பொண்டாட்டி இல்லாம சோறு எறங்க மாட்டேங்குன்னு சொல்லுதானாம்" என்பார்.

வடிவுக்கு அதுதான் தாங்கவில்லை. கம்பளியும் கிடக்கட்டும், சென்ட்டும் கிடக்கட்டும். அவள் புருஷன் தினமும் வீட்டுக்கு வருகிறவன், வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறவன். ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒருத்திக்காகச் சோறு இறங்காமல் இருக்கிறான் என்பதைக் கேட்ட நாளில் இருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை. கட்டத்துக்குள் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். பதினொன்றாவது பெட்டிக்கும் பன்னிரண்டாவது பெட்டிக்கும் இடம் ஒரே வாரத்தில் வந்தது. பதின்மூன்றாவதும் வந்தது. ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

வண்டி வர இரண்டு நாள் இருக்கும்போது வடிவு தேவசகாயத்துக்கு வடை கொடுக்கப் பார்சல் அறைக்குள் நுழைந்தாள். அங்கே கோமதிநாயகம் முழங்காலில் உட்கார்ந்து, அந்தப் பூப்போட்ட கம்பளியை அந்த அட்டைப்பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார். கம்பளி இப்போது அறை முழுக்கக் கிடந்தது, ஜன்னல் வழியாக வெளியேயும் கொஞ்சம் தொங்கியது.

"நீ பாத்துப் பாத்து இது இம்புட்டு நீளமாயிட்டு, வடிவு. பெட்டிக்குள்ள அடங்க மாட்டேங்கு" என்று அலுத்துக்கொண்டவர், சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நிமிர்ந்து பார்த்தார்.

வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத அனுப்புனது கொழுந்தப்பிள்ள இல்லியா?"

"அவன் எங்கட்டு அனுப்ப?" கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "போன மறுவருசமே அங்கன ஒருத்திய வச்சுக்கிட்டான். போனு, கடுதாசி, ஒரு தாக்கல் கெடையாது. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒனக்கும் ஒன் வீட்டுக்காரனுக்கும் தெரிஞ்சுரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தோம். ஊரு நன்மைக்குத்தான் தாயி."

"பிரம்மசக்திக்கு?"

"அவளுக்குத் தெரியாம இருக்குமா?"

வடிவுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இத்தனை நாள் எரிந்த எரிச்சல், உறங்காத உறக்கம், இறங்காத சோறு, எல்லாம் ஒரு பழைய அட்டைப்பெட்டிக்கா என்று வடையைத் தட்டோடு தரையில் போட்டாள். வெளியே வந்து, பழக்கத்தில் கால் கட்டத்துக்குள் போய் நின்றது. தூரத்தில் குடைக்கு அடியில் ஓரகத்தி வாங்க ஆள் இல்லாத பனங்கிழங்கை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். வடிவு பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சில் எப்போதும் காந்துகிற இடத்தைத் தேடினாள், அங்கே ஒன்றும் இல்லை. பாவம் என்று தோன்றியது. இதுநாள்வரை யாரைப் பார்த்தும் தோன்றாதது தோன்றியதில் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பிளாட்பாரம் பதின்மூன்றாவது பெட்டியோடு நின்றுபோயிற்று.

அந்த இரண்டு நாளும் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நகை உள்ளவள் நகையோடு வந்தாள், பேரன் உள்ளவன் பேரனோடு வந்தான், மாடி கட்டுகிறவன் மாடியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினான், ஒருவர் தம்முடைய புதுப் பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். வடிவு எல்லாவற்றையும் பார்த்து, "நல்லா இருக்கட்டும்" என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ஜனங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். ஆண்டபெருமாள் மட்டும் அன்றைக்கு அவள் போட்ட சோற்றை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

பங்குனிக் கடைசியில், சொன்ன சாயங்காலத்தில், எக்ஸ்பிரஸ் வந்தது. மாலையும் மேளமுமாக ஊர் கூடியிருந்தது. இன்ஜின் கேட்டருகே போய் நின்றது, பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பிளாட்பாரத்தில் அணைந்து அடங்கின, மேளக்காரர் கை ஓங்கினார், அப்படியே இறக்கினார். கடைசிப் பெட்டி, டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஊர் ஜனங்கள் ஏறக்கூடிய ஒரே முன்பதிவில்லாத பெட்டி, ஓடைக்கு அக்கரையில் ஜல்லி மேல் உடைமரத்துக்குப் பக்கத்தில் வெளியே நின்றது. இன்ஜினியர் நாடாவை விரிக்கவே இல்லை, கண்ணாலேயே பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். கார்டு பச்சைக்கொடியை எடுத்தார்.

அப்போது பிரம்மசக்தி குடையை விட்டு எழுந்து, ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிளாட்பாரம் முடிந்த இடத்தில் இருந்து ஜல்லியில் குதித்துக் கடைசிப் பெட்டியை நோக்கி நடந்தாள். கட்டத்தில் நின்ற வடிவு அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பின்னால் தேவசகாயம் எட்டி நடை போட்டு வந்து கார்டின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று கெஞ்சினார்.

"ஏட்டி, எங்க போற?"

"போறேன்க்கா." பிரம்மசக்தியின் நெஞ்சு உயரத்தில் இருந்தது படிக்கட்டு. கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள், கால் எட்டவில்லை. "தாம்பரத்துல ஒரு மில்லுல வேலைக்கு ஆள் எடுக்காங்களாம். இந்த வண்டி நிக்கணும்னு ஊர்ல அதிகமா நெனச்சவ நான்தான். இல்லேன்னா அந்தக் கூத்துக்கெல்லாம் ஒத்துக்கிடுவனா? பாசஞ்சர்ல போனா எவனாவது பாத்து அடுத்த ஸ்டேஷன்லயே எறக்கிக் கூட்டியாந்துருவான்."

"அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்றாள் பிரம்மசக்தி, பெரிய லாபத்தைச் சொல்வது போல.

வடிவு குனிந்து, இரண்டு கையையும் கோத்து, ஓரகத்தியின் கால் வைக்க இடம் கொடுத்தாள். உண்மையிலேயே ஏற்றிவிட வேண்டும் என்றுதான் குனிந்தாள். அப்படிக் குனிந்தபடி ஒரு தரம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிரம்மசக்தி வடிவைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் இருந்த கூட்டத்தைப் பார்த்து, அதற்குள் தனக்கு இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். சடை நினைவில்லை, மூக்குத்தி நினைவில்லை, எவனுக்காகவும் எவளுக்காகவும் இல்லாமல் ஒரு முகம் அப்படி இருக்க முடியும் என்று வடிவுக்கு அதுவரை தெரியாது. போகப் போகிறாள். தான் பார்க்காத ஊரில் தன்னைத் தெரியாத ஜனங்களுக்கு நடுவில் நாளைக்குக் காலையில் பல் விளக்கப் போகிறாள். வடிவின் அடிவயிற்றில் இருந்து அது கிளம்பியது. அதுவரை எரிந்ததெல்லாம் வெறும் சூடு என்பது போலக் கிளம்பி மார்பை அடைத்துக் கண்ணை மறைத்தது. ஜல்லிக்கு அடியில் மண் முனகியது, உடைமரம் ஒதுங்கியது, இரண்டு பேரையும் சுமந்துகொண்டு பிளாட்பாரம் மெல்ல எழும்பிக் கடைசிப் பெட்டியின் வாசலுக்குச் சமமாக வந்து நின்றது.

பிரம்மசக்தி ஒரு எட்டு வைத்து உள்ளே போனாள். வாசல் திறந்தே இருந்தது. வடிவுக்கும் அந்த ஒரு எட்டுதான் தூரம். அவள் வைக்கவில்லை. ஊற வைத்த உளுந்து ஞாபகம் வந்தது, ஆணியில் தொங்குகிற சட்டை ஞாபகம் வந்தது, அதற்குள் மேளம் முழங்கி வண்டி நகர்ந்துவிட்டது.

எக்ஸ்பிரஸ் நிரந்தரமாக நிற்கத் தொடங்கியது. ஊர் செழித்தது, ஓடை முனையில் வடிவுக்குக் கடை கொடுத்தார்கள், எக்ஸ்பிரஸ் ஜனங்கள் உப்பாத வடையையும் வாங்கித் தின்றார்கள். ஆனால் வடிவு பொறாமைப்பட்ட எதுவும் வளராமல் விட்டதில்லை அல்லவா? பிரம்மசக்தி தாம்பரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். தாம்பரத்தில் வண்டி நின்றபோது கூட்டம் அவளை இறங்கவிடவில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே இன்னொரு வண்டி வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. விஜயவாடாவில் ஒரு மாதம் இட்லிக்கடையில் வேலை பார்த்தாள், அங்கிருந்து பாதை அவளை நாக்பூருக்குக் கொண்டுபோயிற்று, அங்கிருந்து பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கு. யாரிடமாவது போன் வாங்கி ஆண்டபெருமாளின் நம்பருக்கு அடிப்பாள். முதலில் சிரித்துக்கொண்டு பேசினாள். மழைக்காலம் வந்தபோது குரல் மாறியிருந்தது.

"எக்கா, போதும்க்கா. திரும்பி வரலாம்னு தெக்க போற வண்டியாப் பாத்து ஏறுதேன், அது வடக்கயே போவுது. ஒங்க பொறாமைய விட்டீங்கன்னாதான் நான் வீடு வந்து சேர முடியும்."

"விட்டுட்டேன்ட்டி. எப்பவோ விட்டுட்டேன்" என்றாள் வடிவு. "இப்ப எங்க இருக்க?"

"பேரு தெரியல. மலையெல்லாம் வெள்ளையா இருக்கு. கை வெறச்சுப் போச்சு. இங்க காலைல..."

"அங்க என்ன இருக்குன்னு சொல்லாத!" என்று வடிவு கத்தினாள். மறுமுனையில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறாளோ என்று வடிவுக்குப் பயமாகிவிட்டது, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "சொல்லு."